மீசோ, வினாகிரி, ஊறுகாய்: குடலின் நல்ல பக்டீரியாவுக்கு இவை எவ்வளவு உதவும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். அம்மாவுக்கு 64 வயது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோபுளொக்சசின் ஏழு நாள் கொடுத்தார்கள், தொற்று மாறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வயிறு ஊதுகிறது, காலையில் ஒன்றிரண்டு தடவை இளக்கமாகப் போகிறது. கொழும்பில் இருக்கும் தம்பி, குடலில் நல்ல பக்டீரியா வளரும் என்று சொல்லி உப்பிட்டுப் புளிக்கவைத்த ஜப்பானியச் சோயாச் சாந்தான மீசோ ஒரு பக்கெட்டும் ஒரு போத்தல் அப்பிள் வினாகிரியும் அனுப்பியிருக்கிறார். இவை வேலை செய்யுமா, இல்லையென்றால் திருகோணமலையிலேயே கிடைக்கும் ஊறுகாய், அச்சாறு, மோர்மிளகாய், ஜாடி மீன் போதுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட ஒருவர் இவற்றை மருந்து மாதிரி நாளாந்தம் சாப்பிடலாமா? அதற்கான பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யவேண்டும் என்று நினைக்கிறேன். உணவு நுண்ணுயிரியல் படித்து, புளிக்கவைத்த உணவுகளோடு நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை.

நேராகச் சொன்னால், சுவையூட்டியாக நாம் பாவிக்கும் நொதித்த பொருட்களில் பெரும்பாலானவை உயிருள்ள பக்டீரியாவைக் குடலுக்குக் கொண்டுபோவதில்லை. கொண்டுபோகக்கூடிய ஒன்றிரண்டையும் கரண்டி அளவில்தான் சாப்பிட முடியும், அதற்கு மேல் போனால் உப்பு கூடிவிடும். அம்மாவுக்கு உதவக்கூடியது கோப்பை அளவில் சாப்பிடக்கூடிய புளித்த உணவு. அதாவது தயிர், உப்புக் குறைவாகப் புளிக்கவைத்த மரக்கறி. அவற்றோடு பருப்பு, பயறு, கீரை, கிழங்கு. சுவையூட்டிக்கும் இதில் ஒரு நல்ல இடம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓர் உணவிலுள்ள பக்டீரியா குடலுக்குப் பயன்பட வேண்டுமானால், வாயில் வைக்கும் நேரத்தில் அது உயிரோடு இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், இரைப்பை அமிலத்தையும் பித்தத்தையும் தாண்டி உயிரோடு போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்து நன்மை செய்கிறது என்பது மனிதர்களில் சோதித்துக் காட்டப்பட்டிருந்தால்தான் அதைப் புரோபயோட்டிக் என்று சொல்லலாம். போதிய அளவில் உட்கொள்ளும்போது உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2001இல் கொடுத்த வரைவிலக்கணத்தின் சாரம். நொதித்ததெல்லாம் புரோபயோட்டிக் ஆகிவிடாது. பாண்கூட நொதித்த மாவில் செய்ததுதான், ஆனால் போறணையிலிருந்து வெளியே வரும்போது அதில் உயிருள்ள ஈஸ்ட் எதுவும் மிஞ்சியிருக்காது. தோசையும் அப்பமும் அப்படியே. புளித்ததால் அவை எளிதாகச் செமிக்கும், தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடல் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், ஆனால் பக்டீரியா கல்லிலும் தாச்சியிலும் செத்துவிடும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: உயிரோடு போய்ச் சேரும் பக்டீரியாவும் பெரும்பாலும் அங்கே குடியேறுவதில்லை. சாப்பிடுவதை நிறுத்தினால் சில நாட்களில், கூடினால் ஓரிரு வாரங்களில் மலத்தோடு வெளியேறிவிடும். ஆகவே ஒரு தடவை நிறையச் சாப்பிடுவதை விட நாளாந்தம் அளவாகச் சாப்பிடுவதே பொருத்தம்.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம். சோயா சோஸ் இரண்டு வழியில் செய்யப்படுகிறது. முறையாகச் செய்யும்போது அவித்த சோயாவிலும் வறுத்த கோதுமையிலும் அஸ்பர்ஜிலஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தை வளர்த்து, 16 முதல் 18 சதவீத உப்புநீரில் மாதக்கணக்கில் போட்டுவைத்து, பிழிந்து வடித்து, சூடாக்கிப் போத்தலில் அடைப்பார்கள். மற்ற வழி, சோயாப் புரதத்தை ஐதரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சிச் சில நாட்களில் முடிப்பது. அதில் நொதித்தலே கிடையாது. லேபிளில் ஹைட்ரோலைஸ்ட் வெஜிட்டபிள் புரோட்டீன் என்று போட்டிருந்தால் அந்த இரண்டாவது வழிச் சரக்கு அதில் கலந்திருக்கிறது என்று பொருள். எந்த வழியில் செய்திருந்தாலும் போத்தலுக்குள் உயிருள்ள பக்டீரியாவை எதிர்பார்க்க வேண்டாம்.

மீசோ அதைவிடக் கொஞ்சம் மேல். சூடாக்காமல், குளிரூட்டியில் வைத்து விற்கும் மீசோவில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கும். ஆனால் வெளியில் அடுக்கி வைத்து மாதக்கணக்கில் விற்கும் பக்கெட்டுகள் பெரும்பாலும் சூடாக்கப்பட்டவை, அல்லது நொதித்தல் நிற்பதற்காக அல்ககோல் சேர்க்கப்பட்டவை. உயிரோடு இருக்கும் வகையிலும் தங்கியிருப்பவை டெட்ராஜெனோகொக்கஸ் ஹலோபிலஸ், சைகோசக்கரோமைசஸ் போன்ற உப்புவிரும்பிகள். 10 சதவீத உப்பில் வாழப் பழகிய இவை மனிதக் குடலில் என்ன செய்கின்றன என்பதற்கு நம்பும்படியான சான்று குறைவு. கொதிக்கும் சூப்பில் கரைத்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஜப்பானில் சுமார் 93 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, புளித்த சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களில் இறப்பு வீதம் சற்றுக் குறைவாக இருந்ததாகக் காட்டியது. அதில் நற்றோ என்ற புளித்த முழுச் சோயாவின் பங்கு பெரிது. அது அவதானிப்பு ஆய்வுதான். அப்படிச் சாப்பிடுபவர்கள் மற்ற விடயங்களிலும் நல்ல பழக்கமுள்ளவர்களாக இருக்கலாம், மீசோதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வினாகிரியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: அது நல்ல பக்டீரியாவைத் தராது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினாகிரியில் பெரும்பகுதி தண்ணீரில் கரைத்த அசெற்றிக் அமிலம், அது எந்தக் கள்ளிலிருந்தும் புளித்து வந்ததில்லை. தென்னங்கள் வினாகிரியும் அப்பிள் வினாகிரியும் உண்மையில் புளித்தவைதான், அடியில் ஆடையாகப் படியும் 'தாய்' உயிருள்ள அசெற்றிக் அமில பக்டீரியாக் கூட்டம்தான். ஆனால் அந்த பக்டீரியாவுக்கு வாழ ஒட்சிசன் வேண்டும், பெருங்குடலிலோ ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. சோற்றோடு வினாகிரி சேர்ந்தால் சாப்பிட்ட பின் சீனி ஏறுவது கொஞ்சம் மட்டுப்படுகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அது அமிலத்தின் வேலை. தம்பி அனுப்பிய போத்தலைச் சலாட்டுக்குப் பாவியுங்கள். வெறும் வயிற்றில் கலக்காமல் குடிக்க விடாதீர்கள், தொண்டையும் பல் எனாமலும் கெடும்.

நம்முடைய பொருட்களுக்கு வந்தால், தேசிக்காய் ஊறுகாயை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிக்காயை நாலாகப் பிளந்து உப்பு அடைத்து வெயிலில் வைக்கிறோம். உப்பு 10 சதவீதத்தைத் தாண்டுகிறது, தேசிப்புளியின் பி.எச். 2 முதல் 2.5 வரைதான், இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில், உணவைப் புளிக்கவைக்கும் இலக்டிக் அமில பக்டீரியாவால் பெருக முடியாது. அது பழுதாகாமல் காக்கும் முறை, புளிக்கவைக்கும் முறை வேறு. அச்சாறில் வினாகிரியும் அரைத்த கடுகும் சேர்கின்றன, இரண்டுமே நுண்ணுயிர்களை அடக்குபவை. மோர்மிளகாய் தயிரில் ஊறும்போது உண்மையாகவே புளிக்கிறது, ஆனால் பிறகு வெயிலில் காய்ந்து, கொதிக்கும் எண்ணெயில் பொரிந்துதான் தட்டுக்கு வருகிறது. மாசி அவித்து, புகையூட்டி, காயவைத்த சூரை மீன், அதை நொதித்த பொருளாகவே எண்ணக்கூடாது. உப்பும் கொறக்காப்புளியும் போட்டு மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் ஜாடி மீனில் நொதித்தல் நடக்கிறது, ஆனால் சமைத்துத்தான் சாப்பிடுகிறோம், உப்பும் மிக அதிகம். அதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சூரை, கும்பளா, கீரி போன்ற மீன்கள் உப்பிடுவதற்கு முன் வெயிலில் சில மணிநேரம் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை போன்ற விளைவைத் தரும் பொருள் உருவாகிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, தோல் தடித்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். வயிறு குழம்பியிருக்கும் வயதான ஒருவருக்கு ஜாடி மீனை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி உப்புக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடச் சொல்கிறது, அதாவது மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் ஏறத்தாழ 2.3 கிராம் உப்பு. ஒரு கிண்ணம் மீசோ சூப்பில் சுமார் 2 கிராம். 15 கிராம் தேசிக்காய் ஊறுகாயில் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சொதி, கறி, சம்பல், கருவாடு என்று ஏற்கனவே உப்புச் சேரும் சாப்பாட்டின் மேல் இதையும் மருந்தாகச் சேர்த்தால் அம்மாவின் பிரஷர்க் குளிசைக்கு எதிராகவே வேலை செய்கிறோம். இன்னும் ஒன்று: 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உப்புக் கூடிய தீனி கொடுத்த எலிகளின் குடலில் லக்டோபசிலஸ் என்ற இலக்டிக் அமில பக்டீரியா இனம் குறைந்தது. சில ஆண்களுக்கு நாளொன்றுக்கு 6 கிராம் உப்பு கூடுதலாக இரண்டு வாரம் கொடுத்தபோதும் அதே சாய்வு தெரிந்தது, இரத்த அழுத்தமும் ஏறியது. மனிதர்களில் நடந்த அந்தப் பகுதி மிகச் சிறியது, அதை வைத்து உறுதியாக எதையும் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல பக்டீரியாவுக்காக உப்பை அள்ளிச் சாப்பிடுவதில் அர்த்தம் இல்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் புளித்த உணவு குடலுக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு அடித்தளம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நார்ச்சத்தும் மற்றப் பகுதிக்குப் புளித்த உணவும் 10 வாரம் கூட்டிக் கொடுத்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. புளித்த உணவு சாப்பிட்டவர்களில் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துப் பகுதியில் அந்தக் காலத்துக்குள் வகைகள் கூடவில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக ஆறு பங்கு: தயிர், கெபீர் என்ற புளித்த பால், கிம்ச்சி என்ற கொரியப் புளித்த கோவா, புளித்த மரக்கறி நீர், கொம்பூச்சா என்ற புளித்த தேத்தண்ணி. ஒரு பங்கு என்பது கிட்டத்தட்ட ஒரு கோப்பை தயிர் என்ற அளவு. சாப்பாட்டின் ஓரத்தில் வைக்கும் ஊறுகாய்த் துண்டை வைத்து அந்த முடிவை எதிர்பார்க்க முடியாது. ஆட்களும் குறைவு, அவர்கள் நோயாளிகளும் இல்லை. அன்டிபயோட்டிக்குக்குப் பிந்திய வயிற்றுக்கு இதை நேரடியாகப் பொருத்தக்கூடாது.

ஆகவே முதலாவதாக நான் சொல்வது தயிர். நீங்கள் இருக்கும் மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை, மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டி சந்தியிலேயே கிடைக்கும். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், யோகட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது ஒரு கோடி உயிருள்ள பக்டீரியா இருக்க வேண்டும் என்கிறது. 100 கிராம் சாப்பிட்டால் 100 கோடி. உப்பு என்று சொல்லத்தக்கதாக எதுவும் அதில் இல்லை. யோகட் பக்டீரியா பாலிலுள்ள சீனியான லக்டோஸைச் செமிக்க உதவுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விடயம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. வயிற்றோட்டத்துக்குப் பிறகு சிலருக்குக் கொஞ்சக் காலம் பால் ஒத்துக்கொள்ளாது. அம்மாவின் வயிறு பால் தேத்தண்ணிக்குப் பிறகு கூடுதலாக ஊதுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் ஒரு வாரம் பாலை நிறுத்தித் தயிரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். காலை, மதியம் என்று 100 கிராம் வீதம் போதும். பாணி கொஞ்சமாக விடலாம், சீனியை அள்ளிப் போட வேண்டாம். கொதிக்கவைத்த பாலில் உறைந்த தயிர்தானா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உறைய வைப்பதானால் ஒரு லீற்றர் பாலைக் கொதிக்கவிட்டு, 42 முதல் 45 பாகை செல்சியஸுக்கு ஆறவிட்டு, அதாவது சுத்தமான விரலைப் பத்து விநாடி வைத்திருக்கக்கூடிய சூட்டில், 25 கிராம் பழைய தயிர் கலந்து மூடிவையுங்கள். திருகோணமலை வெக்கைக்கு ஐந்தாறு மணித்தியாலத்தில் உறைந்துவிடும். இரவு முழுக்க வெளியில் விட்டால் புளிப்பு ஏறும், மேலே தண்ணீர் பிரியும். அது பழுது இல்லை, ஆனால் வயதானவர்கள் விரும்பிச் சாப்பிடமாட்டார்கள்.

இனிவரும் காலத்துக்கு ஒரு முக்கியமான குறிப்பு. சிப்ரோபுளொக்சசின் குளிசையைத் தயிரோடோ பாலோடோ விழுங்கக்கூடாது. அவற்றிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்வதால் இரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடும். குளிசைக்குப் பிறகு குறைந்தது இரண்டு மணித்தியாலம் விட்டுத்தான் தயிர், தயிருக்குப் பிறகென்றால் ஆறு மணித்தியாலம் விட்டுத்தான் குளிசை. குடலுக்கு நல்லது என்று இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துத் தொற்று மாறாமல் போவது நடக்கக்கூடியது.

இரண்டாவது, உயிருள்ள பக்டீரியாவோடு ஒரு சுவையூட்டி வேண்டும் என்றால் அதை நீங்களே செய்யலாம். மிளகாய்ச் சாந்தைப் புளிக்கவைப்பது நல்ல முறைதான், ஆனால் எரிச்சலான வயிற்றுக்கு உறைப்பு இப்போது வேண்டாம். கரட்டை அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன். கரட் 600 கிராம், கோவா 250, சின்ன வெங்காயம் 80, இஞ்சி 40, உள்ளி 20, பச்சைமிளகாய் 10, எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. கரட்டும் கோவாவும் துருவலாக, மற்றவை இடித்ததாக இருக்கட்டும். உப்பு 25 கிராம், அதாவது 2.5 சதவீதம். இதைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பும் பக்கெட்டில் வரும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே நிறை இராது, பாதிப் பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. அயடீன் சேர்த்த உப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நொதித்தல் நடக்கும். உப்பைப் பிசைந்து அரை மணித்தியாலம் விட்டால் தானாகவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரோடு கண்ணாடிப் போத்தலில் காற்றிடை இல்லாமல் அமுக்கி நிரப்பி, மேலே கால்வாசி இடம் விடுங்கள். கோவா இலையொன்றை மேலே விரித்து, கொதிநீரில் கழுவிய சிறு கண்ணாடிக் குவளையைப் பாரமாக வையுங்கள். மரக்கறி முழுவதும் தண்ணீருக்குக் கீழே இருக்க வேண்டும். போதாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு என்ற கணக்கில் கரைத்து விடுங்கள். குழாய்த் தண்ணீரானால் கொதிக்கவைத்து ஆறவிட்டதையே எடுங்கள், குளோரின் போய்விடும். மூடியை இறுக்க வேண்டாம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், அமிலம் அதை அரிக்கும்.

அடுத்த நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில் போத்தலை மெல்லத் தட்டினால் ஓரங்களில் சிறு குமிழிகள் ஏறும், தெளிவாக இருந்த நீர் பால் கலந்தது மாதிரிக் கலங்கும், மூடியைத் திறந்தால் பச்சை மரக்கறி வாசத்தின் மேல் ஒரு மெல்லிய புளிப்பு வாசம் வரும். முதலில் வேலை செய்வது பெரும்பாலும் லூகொனொஸ்டொக் என்ற பக்டீரியா, அது வாயுவையும் மென்மையான புளிப்பையும் தரும். பிறகு லக்டோபசிலஸ் இனங்கள் மேலோங்கி அமிலத்தைக் கூட்டும். குளிர்நாடுகளில் 18 முதல் 21 பாகையில் இது வாரக்கணக்கில் நடக்கும். இங்கே மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் வீட்டுக்குள்ளேயே 32, 33 பாகை இருக்கும், நாலாம் ஐந்தாம் நாளிலேயே முடிந்துவிடும். அந்தக் காலத்தில் உப்பை 30 கிராமாக்கி, போத்தலைத் தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்து ஈரத்துணி சுற்றிவிடுங்கள். மார்கழி, தை மழைக் குளிருக்கு 25 கிராம் போதும், ஏழெட்டு நாள் எடுக்கும். பி.எச். தாள் கிடைத்தால் வாங்கி வையுங்கள், 4க்குக் கீழே போனதும் பிரிட்ஜில் வைத்துவிடலாம். 4.6க்குக் கீழே போனாலே, கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் பக்டீரியாவால் வளர முடியாது, 4 என்பது கூடுதல் பாதுகாப்பு. பிரிட்ஜில் இரண்டு மாதம் நன்றாக இருக்கும்.

எது பழுதாகும், ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரக்கறி வழுவழுப்பாகக் கரைந்தால் உப்புக் குறைவு அல்லது வெக்கை அதிகம். உப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். மேலே மெல்லிய வெள்ளைப் படலம் படர்ந்தால் அது காற்றுப் பட்டதால் வந்த ஈஸ்ட். அதை வழித்து எடுத்து, மரக்கறியை மறுபடி தண்ணீருக்குள் அமுக்கினால் போதும். பச்சையாக, கறுப்பாக, மயிர் மாதிரி எழும்பி நின்றால் பூஞ்சணம், முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது இந்த வயதில் உள்ள ஒருவருக்குப் பொருந்தாது. அழுகல் வாசமோ மலக்குழி வாசமோ வந்தாலும் அதேதான். சீக்கிரம் புளிக்கட்டும் என்று தயிர் விடாதீர்கள், தயிர் பக்டீரியா பாலுக்குப் பழகியது, மரக்கறியில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. கடுகு விருப்பமானால் புளித்து முடிந்த பிறகு சேருங்கள். உள்ளியை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைக்கும் முறையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அமிலமும் இல்லை, காற்றும் இல்லை, பொட்டுலிசத்துக்கு ஏற்ற இடம் அது.

இந்தத் துருவலில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம், சாப்பிட்டால் உப்பு முக்கால் கிராம்தான். அதைத் தயிரில் கலந்து பச்சடியாகக் கொடுக்கலாம். அப்போது கறியில் அந்த அளவு உப்பைக் குறைத்துவிடுங்கள். முதல் மூன்று நாள் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகவேண்டாம், திடீரென்று கூட்டினால் ஊதல் கூடும். சூடான சோற்றில் பிசையாமல், ஆறிய பிறகு பக்கத்தில் வையுங்கள். 60 பாகைக்கு மேல் இந்த பக்டீரியா விரைவாகச் செத்துவிடும்.

சுவையூட்டிக்கு ஒரு இடம் உண்டு என்று சொன்னேன். குடலின் சொந்தப் பக்டீரியாதான் நீண்டகாலத்துக்கு வேலை செய்வது. நாம் செமிக்க முடியாத நார்ச்சத்தை அது புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களாக மாற்றுகிறது, பெருங்குடல் சுவரின் கலங்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தைப் பரிந்துரைத்தது. அவித்த கடலையோ பயறோ 100 கிராமில் 7 கிராமளவு கிடைக்கும். கௌபி, குரக்கன், முருங்கையிலை வறை, வாழைக்காய், தவிட்டரிசிச் சோறு, சின்ன வெங்காயம், ஊறவைத்துத் தண்ணீர் வடித்த ஒடியல் மாவில் காய்ச்சிய கூழ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பிரச்சினை என்னவென்றால், உப்பைக் குறைத்த பிறகு இவை சப்பென்று இருக்கும், வயதானவர்கள் தட்டை ஒதுக்கிவிடுவார்கள். அங்கேதான் மாசியும், சோயா சோஸும், மீசோவும் உதவும். புளித்த சோயாவில் குளுட்டமேற் நிறைய உண்டு, மாசியில் இனோசினேற் உண்டு, இரண்டுமே சுவை தரும் பொருட்கள், ஒன்று சேரும்போது சுவை பன்மடங்கு தூக்கும். கீரை வறையில் ஒரு தேக்கரண்டி மாசித்தூள், பருப்பில் அரைத் தேக்கரண்டி மீசோ போட்டு, வழக்கமான உப்பைப் பாதியாக்கிப் பாருங்கள், தட்டு காலியாகும். அந்த மீசோவில் பக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்பதைப் பற்றி அப்போது கவலைப்படத் தேவையில்லை. செத்த பக்டீரியாவின் உடற்பகுதிகளும் நன்மை செய்யும் என்று இப்போது ஆய்வுகள் நடக்கின்றன, நம்பிக்கை தருகிற துறைதான். ஆனால் வீட்டில் இவ்வளவு சாப்பிடுங்கள் என்று சொல்லும் கட்டத்துக்கு அது வரவில்லை.

பழஞ்சோற்றையும் சிலர் சொல்வார்கள். நல்ல உணவுதான், இலக்டிக் அமில பக்டீரியா அதில் இருக்கிறது. ஆனால் சோறு மெல்ல ஆறும்போது பசிலஸ் சீரியஸ் என்ற கெட்ட பக்டீரியா வளரக்கூடும், அதன் ஒரு நச்சு கொதித்தாலும் போகாது. அம்மாவின் வயிறு முழுதாகத் தேறும் வரை விட்டுவைத்து, பிறகு செய்வதானால் சோற்றைப் பரப்பி விரைவாக ஆறவிட்டு, தண்ணீரோடு ஒரு கரண்டி தயிரும் கலந்து இரவு மூடிவைத்து, காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

பாமசியில் விற்கும் புரோபயோட்டிக் கப்ஸ்யூல் பற்றிக் கேட்பீர்கள். அன்டிபயோட்டிக் எடுக்கும் நாட்களிலேயே சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகளில் வயிற்றோட்டம் குறைகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு, அதுவும் லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜி.ஜி., சக்கரோமைசஸ் பொலார்டி என்ற குறிப்பிட்ட இரண்டுக்கு, நாளொன்றுக்கு 500 கோடிக்கு மேற்பட்ட அளவில். ஆனால் இஸ்ரேலில் நடந்து 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அன்டிபயோட்டிக் முடிந்த பிறகு பல இனங்கள் கலந்த கப்ஸ்யூல் எடுத்தவர்களுக்குச் சொந்தப் பக்டீரியாக் கூட்டம் மீள்வது, ஒன்றும் எடுக்காதவர்களை விடத் தாமதமானது. ஆகவே இப்போது, மருந்து முடிந்த நிலையில், காசு கொடுத்து அதை வாங்கச் சொல்லமாட்டேன். பெரும்பாலானவர்களில் குடல் சில வாரங்களில் தானாகவே பெருமளவு மீண்டுவிடும்.

யாருக்கு இவை கூடாது என்பதையும் கவனியுங்கள். கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் வீட்டில் புளிக்கவைத்த பச்சை உணவைத் தங்கள் டொக்டரிடம் கேட்காமல் சாப்பிடக்கூடாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உப்போடு பொட்டாசியக் கணக்கும் சேரும், கீரையையும் கடலையையும்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு இளக்கம் நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால், காய்ச்சலோ வயிற்று நோவோ மலத்தில் இரத்தமோ தெரிந்தால், தயிரையும் துருவலையும் நம்பிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அன்டிபயோட்டிக்குக்குப் பிறகு குளொஸ்ட்ரிடியம் டிபிசில் என்ற பக்டீரியா பெருகி அப்படிச் செய்யலாம், மருந்து முடிந்து மூன்று மாதம் வரைகூட அது வரக்கூடும். போகும்போது எந்த மருந்து, எந்தத் திகதியிலிருந்து எத்தனை நாள் எடுத்தார் என்று எழுதிய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.